இலையை விலக்கி எடுத்த படம்

தியாகராய நகர்
18.8.2025

அன்பு,

உன் போனில் என் நம்பரை அடைத்துப்போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கடையிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாய். ஆடித் தள்ளுபடி நேரத்தில் பொம்மைக்குச் சேலை கட்டும் ஆள் நின்றுபோனால் என்ன பாடு என்று உனக்குத் தெரியும். ஷகீலாவை வைத்து ஒப்பேற்றினோம். அவள் மடிப்பு எடுத்தால் பொம்மைக்குத் தொப்பை விழுகிறது. உன் பெரும்பாக்கம் முகவரியைத் தேடிக் கொடுத்தவளும் அவள்தான். சண்டை போட எழுதவில்லை, பயப்படாதே.

விஷயம் இதுதான். நம் தையல்சிட்டுப் படம் தேர்வாகியிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, அபிராமபுரத்தில் அந்தப் பாதாம் கன்றில் எடுத்தோமே, அதுதான். தாய் வாயில் பச்சைப் புழு, கீழே மூன்று குஞ்சும் வாயைப் பிளந்துகொண்டு. அக்டோபரில் மயிலாப்பூரில் பறவை ஆர்வலர்கள் ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். உன்னைக் கேட்காமல் அனுப்பியது தப்புதான். ஆனால் இரண்டு பேர் பெயரிலும் அனுப்பினேன். கடை வாட்ஸ்அப் குழுவில் என் பெயரை மட்டும் போட்டதற்குத்தானே மறுநாள் காலையில் போன் செய்து அப்படிக் கத்தினாய்? அந்தத் தப்பைத் திருத்திவிட்டேன்.

இப்போது அவர்கள் இரண்டு கேட்கிறார்கள். ஒன்று, கேமரா எடுத்த அசல் கோப்பு. அது உன்னிடம் இருக்கும் கார்டில் இருக்கிறது. கேமரா உன்னிடம், பெரிய லென்ஸ் என்னிடம். ஒருத்தரை விட்டு ஒருத்தர் படம் எடுக்கப் போகக் கூடாது என்று நாமே போட்டுக்கொண்ட சட்டம் இப்போது நம் இரண்டு பேரையும் கட்டிப்போட்டிருக்கிறது. லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

இரண்டாவது, உறுதிமொழிப் படிவம். இருவரும் மையால் கையெழுத்துப் போட வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன். நாலாவது வரியைப் படி: 'கூட்டையோ, அதை மறைத்திருந்த இலை, கிளைகளையோ தொடவில்லை, நகர்த்தவில்லை.' எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. மேல் இலை கூட்டின் வாயை மூடியிருந்தது. "இருண்ணா, முந்தானிய ஒதுக்குற மாரி ஒதுக்கிக் குடுக்குறேன்" என்று நீதான் ஓர் ஊக்கு குத்தி இலையைப் பக்கத்துக் கிளையோடு நிறுத்தினாய். வெட்டவில்லை, ஒடிக்கவில்லை. இருபது நிமிஷம் எடுத்தோம், கிளம்பினோம். குத்தியவள்தான் கழற்ற வேண்டும் என்பது நம் கடைச் சட்டம். மறந்துபோன ஒரு ஊக்கு பட்டுச் சேலையைக் கிழித்துவிடும். உன் ஊக்கு எந்தச் சேலையிலும் தங்கியதே இல்லை. இதையும் கழற்றி இலையைப் பழையபடி விட்டிருப்பாய். ஆகவே அதை 'நகர்த்தியது' என்று சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பதினொரு வருஷமாகச் சேலையைப் படம் எடுக்கிறேன் அன்பு. ஊர் முழுக்கப் பலகையில் என் படம் தொங்குகிறது, ஒன்றிலும் என் பெயர் கிடையாது. ஒரு தடவை சுவரில் என் பெயரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. செப்டம்பர் 20 கடைசி நாள். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கதிரேசன்


பெரும்பாக்கம்
24.8.2025

கதிரண்ணா,

கடிதம் வந்தது. தபால்காரர் எங்கள் பிளாக்கில் ஆறு மாடி ஏறி வந்து, "இன்னாம்மா, கோர்ட்டு நோட்டீசா" என்று கேட்டார். எங்களுக்கு வேறெந்தத் தபாலும் வருவதில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். வேறு கடைக்குப் போகவில்லை. கல்யாணச் சேலைகளுக்கு வீட்டிலேயே மடிப்பு எடுத்து, தேய்த்து, பெட்டியில் போட்டுக் கொடுக்கிறேன். என் நிலா ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். பெயர் போடாத கோபம் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. படம் உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கார்டை அனுப்புவதைப் பற்றி யோசிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஜூலைக்குப் பிறகு அந்தக் கூட்டை நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

போனில் இதைக் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் பதிலுக்கு ஏதாவது கேட்பீர்கள், நான் ஏதாவது சொல்லிவிடுவேன். அதனால்தான் அடைத்து வைத்திருக்கிறேன்.

கேமரா சும்மா இல்லை. கூடவே வந்த சின்ன லென்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் போகிறேன். நம் சட்டத்தை மீறிவிட்டேன், திட்டிக்கொள்ளுங்கள். நாமக்கோழிகள் நூறு இருக்கும். நான் ஓர் அடி போனால் அவை பத்து அடி போகின்றன. படத்தில் எல்லாம் மிளகு சிந்தின மாதிரி புள்ளி. கிட்டே வந்த ஒன்றிரண்டும் கறுப்பாக இல்லாமல் சாயம் போன துணி மாதிரி வெளிறித் தெரிகின்றன. வெயில் நன்றாகத்தான் இருந்தது. ஏன் அப்படி?

அன்புக்கரசி


தியாகராய நகர்
29.8.2025

அன்பு,

திட்டப் போவதில்லை. பொறாமையாக இருக்கிறது.

முதலில் உன் நாமக்கோழி. போன தீபாவளிக்குக் கறுப்புக் காஞ்சிபுரம் எடுத்தபோது முதல் பத்துப் படம் சாம்பல் நிறத்தில் வந்து, மாமா கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னைக் கிழித்தாரே, நினைவிருக்கிறதா? அதே கதைதான். கறுப்பு நிறைய இருந்தால் கேமரா இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீ ஒரு படி குறை. வெள்ளைக் கொக்கு வந்தால் தலைகீழ், ஒரு படி கூட்டு. குவியத்தைக் கண்ணில் வை, உடம்பு எப்படிப் போனாலும் போகட்டும். நின்றுகொண்டு எடுக்காதே. தரையில் உட்கார், முடிந்தால் படு. உன் கண்ணும் அதன் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பறவைக்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தாலும் மங்கிவிட வேண்டும்.

தூரம்தான் பிரச்சினை. பெரிய லென்ஸ் இருந்திருந்தால் என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன்.

நீ கேட்டதற்காக நேற்றுக் காலை கடை திறக்கும் முன் அபிராமபுரம் போனேன். ஆடி முழுக்க எனக்கு மூச்சு விட நேரமில்லை, அதற்கு முன் போகவில்லை என்பது உண்மை. கன்று இருக்கிறது. கூடு இல்லை. தைத்த இலை இரண்டும் உதிர்ந்துபோயிருக்கின்றன. புது இலை விட்டிருக்கிறது. குஞ்சுகள் பொரித்துப் பதினைந்து நாளில் பறந்துவிடும் என்று படித்தேன். நாம் பார்த்தபோதே பாதி வளர்ந்திருந்தன. அப்படியானால் அந்த வாரமே பறந்திருக்கும். அந்தத் தெருவில் மூன்று சிட்டுச் சத்தம் கேட்டேன், நம் மூன்றுதான் என்று வைத்துக்கொண்டேன். உனக்கு இதுதானே கவலை? தீர்ந்ததா?

கண்காட்சியை நடத்தும் நெடுஞ்செழியன் போன் செய்தார். தரமணியில் ஏதோ கம்பெனியில் வேலை, பொழுதுபோக்காக இதைச் செய்கிறார். "சார், கூட்டுப் படத்துல இவ்வளவு தெளிவா முகம் தெரியுறது அபூர்வம், எப்படி எடுத்தீங்க?" என்றார். "பொறுமைதான் சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

மாமாவிடமும் சொன்னேன். "ஏல, குருவியப் படம் புடிச்சா சேலை விக்குமாலே?" என்றார். ஆனால் வீட்டில் அத்தையிடம் அவரே பெருமையாகச் சொன்னாராம்.

கையெழுத்து, அன்பு.

கதிரேசன்


பெரும்பாக்கம்
4.9.2025

கதிரண்ணா,

பறந்துபோயின என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கூடு இல்லையென்றால் பறந்துவிட்டதா? உங்களுக்கு எல்லாம் கடைசியில் நல்லபடியாகவே முடிந்துவிடும்.

அந்தக் கன்று நிற்கும் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஜவஹர் அண்ணனைக் கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன். நான்கு நாளாக உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்தாகிவிட்டது.

ஒரு படி குறைத்தேன். நாமக்கோழி கறுப்பாக வந்தது, கண் சிவப்பாக வந்தது. இந்தப் பக்கம் கரையில் பழைய குழாய் ஒன்று கிடக்கிறது. அதன் மறைவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. இருபது நிமிஷத்தில் கால் மரத்தது. நாற்பதாவது நிமிஷம் ஒரு மடையான் கொக்கு எனக்கு ஆறடி தூரத்தில் வந்து இறங்கியது. என்னைப் பார்த்தது, கல் என்று நினைத்ததோ என்னவோ, மீன் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதன் கழுத்துக் கோடுகளைக்கூட எண்ணலாம். சின்ன லென்ஸ்தான் அண்ணா. நாம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அடையாற்றுக் கரையில் பறவைகளைத் துரத்தியிருக்கிறோம். ஒரு தடவையாவது நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறோமா? கடை திறக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும் என்று பறந்துகொண்டே இருந்தது நாம்தான்.

மடையான் படம் ஒன்று வைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள்.

அன்புக்கரசி


தியாகராய நகர்
8.9.2025

அன்பு,

ஜவஹரைக் கேட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார். "இன்னா சார், கேமராகாரரு தானே நீ? அந்தக் கன்னுக்காண்ட நின்னுகினு இருந்தியே. அந்தக் குஞ்சுங்களத்தான் மறுநாளு காலீல காக்கா தூக்கினு போச்சே. இலை தொறந்து கெடந்துச்சு, ஊக்கு போட்டு வச்சிருந்தாங்கோ எவனோ. தாயி ரெண்டு நாளு கத்திக்கினே இருந்துச்சு." அப்புறம் கேட்டார், "அந்தப் பொண்ணு திங்கக்கெழம சாயங்காலம் வந்து நின்னுச்சே, உனுக்குச் சொல்லலியா?"

எவனோ என்று அவர் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். ஆமாம், எவனோ என்கிற மாதிரி. அதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்று காலை நடந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். படம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் கேமராத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கேயே நின்று என் போனுக்கு ஏற்றிக்கொண்டேன். பிறகு லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்தேன். ஆட்டோ பிடித்து அடையாறு டெப்போவில் உன்னை இறக்கிவிட்டேன். வழி முழுக்கப் போனில் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினேன். இலையைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. சேலை என்றால் அன்பு பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். கடையில் பதினொரு வருஷமாக அப்படித்தானே.

முழுப் பழியையும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. நீ மறக்கிறவள் இல்லை. கடையில் சேலையைக் கழற்றினால் முதலில் ஊக்கை எண்ணுவாய், பிறகுதான் தண்ணீரே குடிப்பாய். அன்று மட்டும் எப்படி?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தப் படம் சுவரில் தொங்க வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது. எடுத்தபோது குஞ்சுகள் உயிரோடு இருந்தன, படம் பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். படிவம் மேஜை மேல் இருக்கிறது. நாலாவது வரியைப் படிக்காமல் தாண்டிவிடப் பழகுகிறேன்.

மடையான் படம் நன்றாக இருக்கிறது. உண்மையாகவே. இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம், அது பார்க்கிற திசையில். வேறு குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கதிரேசன்


பெரும்பாக்கம்
12.9.2025

கதிரண்ணா,

நீங்கள் பழியை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை உங்கள் தலையில் போட எனக்கு மனசில்லை. என்னுடையது என்னிடமே இருக்கட்டும்.

நான் மறந்தேன். உண்மைதான். நீங்கள் திரையைக் காட்டினீர்கள், நானும் எட்டிப் பார்த்தேன், இரண்டு பேரும் குழந்தை மாதிரி குதித்தோம், ஆட்டோ வந்தது. அது வரைக்கும் மறதி.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் வழக்கம் போல் ஊக்குகளை எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். பையைக் கொட்டிப் பார்த்தேன். அப்போது பஸ் தரமணியில் நின்றுகொண்டிருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இறங்கி எதிர்ப் பக்கம் பஸ் பிடித்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் கன்றுக்குப் போயிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வரைக்கும்தான் தண்ணீர் வரும். நிலா தனியாகக் குடங்களோடு கீழே நின்றுகொண்டிருப்பாள், பெரிய பொம்பளைகள் அவளைத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். அது நிஜம். ஆனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவர்கள் பிடித்து வைத்திருப்பார்கள். அதுவும் நிஜம். எனக்கு அலுப்பாக இருந்தது அண்ணா. நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் எடுத்துவிடலாம், ஓர் இலைதானே என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் ஆடிச் சேலைகள் எடுக்க எட்டரைக்கே வரச் சொல்லியிருந்தீர்கள். அப்போதும் நேராகக் கடைக்குத்தான் வந்தேன். நாள் முழுக்க உங்கள் பக்கத்தில் நின்று அறுபது சேலை கட்டினேன். ஒரு வார்த்தை சொன்னேனா?

சாயங்காலம் போனேன். இலை நான் குத்தின இடத்தில் அப்படியே நின்றது. உள்ளே ஒன்றுமில்லை, கொஞ்சம் பஞ்சு மட்டும். ஜவஹர் அண்ணன் வந்து சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் கடைக் குழுவில் நீங்கள் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். எல்லாரும் 'சூப்பர்' போடுகிறார்கள், கை தட்டுகிறார்கள். குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. முப்பத்தேழு பேர்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் உங்களைக் கூப்பிட்டுப் பெயர் போடவில்லை என்று கத்தினேன். ஏதாவது ஒன்றுக்குக் கத்த வேண்டியிருந்தது. கடைக்கு வந்தால் எல்லாரும் படத்தைப் பற்றியே பேசுவார்கள், அதனால் நின்றுவிட்டேன். நீங்கள் ஒரு மாதமாகப் பெயரை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாப் படமும் இருக்கிறது. கூடவே ஒரு பிரிண்ட். திங்கட்கிழமை சாயங்காலம் அங்கே நின்று நான் எடுத்தது. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. பையில் கேமரா இருந்தது, எடுத்தேன்.

கையெழுத்து நான் போட மாட்டேன். நீங்கள் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்புக்கரசி


தியாகராய நகர்
19.9.2025

அன்பு,

நாலு நாள் அந்தப் பிரிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்து, வீட்டில் அலமாரியில் நிறுத்தி வைத்து.

படம் கலங்கியிருக்கிறது. வெளிச்சம் குறைவு, மூலையெல்லாம் இருட்டு. சேலைப் படமாக இருந்தால் நானே அழித்திருப்பேன். ஆனால் இதில் தெரு இருக்கிறது அன்பு. மதில் இருக்கிறது, ஜவஹரின் வண்டி இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, கம்பியில் இரண்டு காகம் இருக்கிறது. நடுவில், சின்னதாக, ஊக்கு குத்தின இலை. என் படத்தில் பறவையைத் தவிர ஒன்றுமே இல்லை. பின்னணியை மங்க வைத்து மங்க வைத்து அதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். உனக்கும் அதையேதான் எழுதினேன்.

ஒரு சந்தேகத்தில் கார்டைக் கணினியில் போட்டேன். அன்று நாற்பத்திரண்டு படம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். ஒன்பதாவது படத்திலிருந்து வலது மேல் ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை. பதினேழில் அது நகர்ந்திருக்கிறது. முப்பதில் இரண்டு கறை. நாம் அங்கே நிற்கும்போதே காகங்கள் கம்பியில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. என் கண்ணுக்கு நேராக இருந்தும் கறையாகத்தான் தெரிந்தது. தேர்வான படத்தில் அந்த ஓரத்தை நான் வெட்டியிருக்கிறேன், அழகாக இல்லை என்று.

அதற்கு மேல் சமாதானம் எதுவும் மிஞ்சவில்லை. நேற்று நெடுஞ்செழியனை நேரில் போய்ப் பார்த்தேன். படிவத்தைக் கிழித்து அவர் மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். உன் பஸ் கதையைச் சொல்லவில்லை, அது உன்னுடையது. அவர் கிழிந்த துண்டுகளைச் சேர்த்து ஒதுக்கிவைத்தார். "சார், இப்படி வந்து சொன்ன மொத ஆளு நீங்கதான். பண்ண மொத ஆளு நீங்க இல்ல" என்றார்.

உன் பிரிண்டைக் காட்டினேன். அவர் கேட்பதை அப்படியே எழுதுகிறேன். என் படம் கண்காட்சியில் இல்லை, எங்கும் தொங்காது. உன் படத்தை வாசலில், விதிமுறை எழுதிய பலகைக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்கிறார். கீழே என்ன நடந்தது என்று நாலு வரி, நம் இருவர் பெயரும். பெயர் இல்லாமல் போட்டால் எல்லாரும் 'எவனோ' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். ஜவஹரிடம் நான் தலையாட்டியது இவருக்கு எப்படித் தெரியும் என்று திக்கென்றது.

என் பெயருக்கு நான் சரி சொல்லிவிட்டேன். நான் ஆசைப்பட்ட சுவரில் இப்படியா வர வேண்டும் என்று தெருவில் நின்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் பெயரை உன்னைக் கேட்காமல் இனி எங்கும் போட மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கதிரேசன்


பெரும்பாக்கம்
23.9.2025

கதிரண்ணா,

போடுங்கள். படம் எடுத்தவள் என்று மட்டும் போடாதீர்கள். ஊக்கு குத்தியவள் என்றும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தும் திரும்பிப் போகவில்லை என்றும் போடுங்கள்.

அன்புக்கரசி


தியாகராய நகர்
4.10.2025

அன்பு,

இன்று தொடங்கியது. நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை, புரிகிறது. எட்டாம் தேதி வரை இருக்கும்.

நல்ல கூட்டம். பாதிப் பேர் வாசலில் நின்று படிக்கிறார்கள், பாதிப் பேர் நேராக உள்ளே போய்விடுகிறார்கள். நீளமான லென்ஸ் வைத்திருந்த ஒருவர் படித்துவிட்டு, "இதெல்லாம் ரொம்ப ஓவரு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். அவர் பையில் தோட்டக் கத்தரிக்கோல் இருந்ததை நான் பார்த்தேன்.

மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, தைரியம் இல்லை. தூரத்திலிருந்தே பெயரைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பேரு பெருசாத்தான் போட்டிருக்கான்" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மற்றதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராக நின்றேன். "அந்தப் புள்ள இனிம வேலைக்கு வராதாக்கும்?" என்று மட்டும் கேட்டார். உனக்குச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

கதிரேசன்


பெரும்பாக்கம்
8.10.2025

கதிரண்ணா,

கூட்டம் இருக்காது என்று நேற்று மத்தியானம் போனேன். நிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஒரு கல்யாணச் சேலையை ஆழ்வார்பேட்டையில் கொடுத்துவிட்டு, அப்படியே நடந்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். எதிர்க் கடையில் டீ குடித்தேன். மறுபடி போனேன்.

கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் என் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கழுத்தில் கேமரா. நான் பின்னால் நின்றேன். கேமராக்காரி வாய்விட்டுப் படித்தாள். 'இலையை ஊக்கால் விலக்கியவர், இந்தப் படத்தை எடுத்தவர்: அன்புக்கரசி. குஞ்சுகளைப் படம் எடுத்துவிட்டு ஊக்கைக் கவனிக்காமல் கிளம்பியவர்: கதிரேசன்.' இன்னொருத்தி, "ஐயோ, குஞ்சுங்க இன்னா ஆச்சுடி?" என்றாள். "அதான் கீழ போட்டுகீதே, படி" என்றாள் கேமராக்காரி. மீதியையும் படித்தார்கள். தெரிந்தும் திரும்பிப் போகவில்லை என்ற வரி வந்தபோது எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"இந்தம்மா சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சேயிருக்காது இல்ல?" என்றாள் மற்றவள். "லூசா இவங்க, பேரெல்லாம் போட்டுக்கினு."

போய்விடலாம் என்றுதான் நினைத்தேன் அண்ணா. கடையிலிருந்து போன மாதிரி, சத்தம் போடாமல். போகவில்லை. "நான்தாம்மா அன்புக்கரசி" என்று சொன்னேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். லூசு என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேமராக்காரி மட்டும் கண்ணை எடுக்கவில்லை. அவள் கேட்டாள், "இங்க வந்து நிக்கிறதுக்கு உங்களுக்கு அசிங்கமா இல்லியாக்கா?"

"இருக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் மூன்று பேரும் உள்ளே போய் மற்றப் படங்களைப் பார்த்தோம்.

அன்புக்கரசி